வெள்ளெழுத்துக்கு வெட்கம் எதுக்கு?

"டாக்டரய்யா... இந்த வெள்ளெழுத்து போறதுக்கு ஏதாச்சும் மருந்து கொடுங்களேன். கண்ணாடி மட்டும் போடச் சொல்லிராதீங்க!"

வண்டியூரில் என் வைத்தியசாலைக்கு வந்த ஓர் அம்மா இப்படிக் கேட்டார். வயது நாற்பத்தாறு, நாற்பத்தேழு இருக்கும். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவது அவருக்குத் தொழில். துணியைக் கிள்ளியெடுத்து, கடுகளவு இடத்தில் நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு வரும்.

"முன்னயெல்லாம் கண்ணை மூடிக்கிட்டே போடுவேன் சார். இப்பக் கண்ணைத் திறந்தாலும் நூலு தெரியலை. ஒரு நாள் வேலை ரெண்டு நாளாகுது" என்றார்.

அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். அதற்கு முன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரத்தில், அவர் கொண்டுவந்த பழைய சீட்டை நான் கையை முழுசாக நீட்டிப் பிடித்துத்தான் படித்துக்கொண்டிருந்தேன்! ஆமாம்... எனக்கும் அதே வெள்ளெழுத்துதான். அதுவும் ஏழெட்டு வருஷமாக.

சித்த வைத்தியனே மூக்குக் கண்ணாடி போட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? 'கண்ணுக்குப் பொன்னாங்கண்ணி சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளி என்று நமக்குச் சொன்னவர், இவரே கண்ணாடி மாட்டிக்கிட்டாரே' என்று சிரிக்க மாட்டார்களா? இந்த வெட்டி கௌரவத்தால் சமாளித்துக்கொண்டே வந்தேன். சின்ன எழுத்தாக இருந்தால் உதவியாளர் தம்பியைப் படிக்கச் சொல்வேன். செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆனால் ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் தம்பி லீவு. இரண்டு செந்தூர பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் சிவப்பு. லேபிளில் இருந்ததோ பொடி எழுத்து. 'எனக்குத் தெரியாததா!' என்று எடுத்துப் பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் பழைய நோயாளி. பிரித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, போன தடவை கொடுத்தது இம்புட்டுச் சிவப்பா இல்லையே?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். மருந்து மாறிப்போயிருந்தது!

நல்லவேளை, அவர் கேட்டார். கேட்காமல் போயிருந்தால்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கண் டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன்.

நுங்கும் பனங்கொட்டையும்

வெள்ளெழுத்து என்பது நோய் அல்ல. தலை நரைப்பது போல வயசோடு வருவது. இதை முதலில் புரிந்துகொண்டால் பாதி வெட்கம் போய்விடும்.

நம் கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. சின்ன வயதில் அது நுங்கு மாதிரி இளசாக, வளைந்து கொடுக்கும். தூரத்தில் இருக்கும் கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கையில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்தால், கண்ணுக்குள் இருக்கும் தசை வேலை செய்ய, அந்த லென்ஸ் உடனே கொஞ்சம் உப்பிப் பக்கத்துப் பார்வைக்குத் தயாராகிவிடும். வயசு ஏற ஏற, நுங்கு முற்றுவது போல அந்த லென்ஸும் முற்றி இறுகிக்கொண்டே வருகிறது. நாற்பதைத் தாண்டும்போது, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கிற அளவுக்கு அது வளைந்து கொடுப்பதில்லை. புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கிறோம். அவ்வளவுதான்!

முற்றின பனங்கொட்டையை எந்தத் தைலம் தடவி மறுபடி நுங்காக்க முடியும்?

எங்கள் சித்த மருத்துவ நூல்கள் கண் நோய்களை 96 வகையாகப் பிரித்துச் சொல்கின்றன. பார்வைக்கு ஆதாரமாகக் கண்ணில் நிற்கும் பித்தத்தை 'ஆலோசகம்' என்கின்றன. பாளையங்கோட்டை கல்லூரியில் இதையெல்லாம் மனப்பாடமாகப் படித்தவன்தான் நான். அந்தப் பெருமையில் எனக்குக் குறைச்சல் கிடையாது. எண்ணெய்க் குளியல் உடம்பின் சூட்டைத் தணித்துத் தூக்கத்தைக் கொடுக்கும். கீரை, முருங்கையிலை, பப்பாளி, மாம்பழம் எல்லாம் வைட்டமின் 'ஏ' சத்துக்கு வழி செய்து, குழந்தைகளுக்கு மாலைக்கண் வராமல் காக்கும். இதிலெல்லாம் சந்தேகமே இல்லை. ஆனால், வெள்ளெழுத்தைப் போக்கும் கீரை ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை ஒரு சித்த வைத்தியனே சொல்கிறேன். அதேபோல வீட்டில் பிழிந்த இலைச்சாறு, தாய்ப்பால், தேன் என்று கண்ணில் எதையும் ஊற்றாதீர்கள். கிருமி போனால் கருவிழியில் புண் வந்துவிடும்.

இங்கிலீஷ் மருத்துவத்திலும் இந்த 'கண்ணாடி வேண்டாம்' ஆசை வராமல் இல்லை. கண் பாவையைச் சுருக்கி, கிட்டப் பார்வையைச் சில மணி நேரத்துக்குத் தெளிவாக்கும் சொட்டு மருந்து ஒன்றுக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே ரகத்தில் ஒரு மருந்துக்கு 2024-ல் நம் நாட்டிலும் அனுமதி கொடுத்தார்கள். 'இனிமேல் கண்ணாடியே வேண்டாம்' என்கிற மாதிரி செய்தி பரவியதும், சில வாரங்களிலேயே அரசு அந்த அனுமதியை நிறுத்தி வைத்தது. சொட்டு விட்டாலும் நுங்கு நுங்காகிவிடாது. மருந்தின் வேகம் இறங்கினால் பழைய கதைதான்.

கண்புரை, பார்வைக் கோளாறு முதலியவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அப்படியும் 'ஒரே மண்டலத்தில் கண்ணாடியைத் தூக்கி எறியுங்கள்' என்ற நோட்டீஸ்கள் வரத்தான் செய்கின்றன. எங்கள் துறைக்கு இதைவிடக் கெட்ட பெயர் வேறு இல்லை!

ஒரே கண்ணாடியில் மூன்று பார்வை

கண் டாக்டர் என் கண்ணைச் சோதித்தார். கண் அழுத்தமும் பார்த்தார். "சுகர் டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கினால் கண் லென்ஸின் பவரும் கூடவே மாறும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் அளவெடுத்துக் கண்ணாடி போட்டால், பத்து நாளில் 'கண்ணாடி சரியில்லை' என்று வந்து நிற்க வேண்டியதுதான்.

எனக்குத் தூரப் பார்வைக்குக் கொஞ்சம் பவர், படிப்பதற்குக் கூடுதலாக 2 பாயின்ட். "மல்டிஃபோகல் போட்டுக்குங்க. கோடு தெரியாது" என்றார்.

மேலே தூரம், கீழே கிட்டம் என்று இரண்டு பாதியாகச் சேர்த்த பைஃபோகல் கண்ணாடியைப் பற்றி அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784-லேயே கடிதத்தில் எழுதியிருக்கிறார். நம் தாத்தாக்கள் போட்ட, நடுவில் பிறை மாதிரி கோடு தெரியும் கண்ணாடி அதன் வாரிசுதான். கோடே இல்லாமல் மேலிருந்து கீழே பவர் படிப்படியாக ஏறும் லென்ஸை பிரான்ஸின் பெர்னார்ட் மெத்தனாஸ் உருவாக்க, அது 1959-ல் கடைக்கு வந்தது. மேல் பாகத்தில் பார்த்தால் தெருக்கோடி தெரியும். நடுவில் பார்த்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகமும் கம்ப்யூட்டரும் தெரியும். கீழே பார்த்தால் பத்திரிகை படிக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைக்காரர்கள் அழுத்திச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. பவர் ஏறும் அந்த நடுப்பாதை ஒரு குறுகலான சந்து மாதிரி. அதற்கு வலது பக்கமும் இடது பக்கமும், கீழ்ப்பகுதியில், பிம்பம் கொஞ்சம் நெளியும்; மங்கும். இது எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸிலும் உண்டு. விலை கூடினால் நெளிவு குறையும், அடியோடு போகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படிப்பதற்காகக் கூட்டும் பவர் எவ்வளவு அதிகமோ, அந்த நெளிவும் அவ்வளவு அதிகம். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயதில் போட்டிருந்தால் 1 பாயின்ட்டோடு ஆரம்பித்து, கண்ணும் மூளையும் அலுங்காமல் பழகியிருக்கும். நான் ஏழெட்டு வருஷம் தள்ளிப்போட்டு, ஒரேயடியாக 2 பாயின்ட்டில் இறங்கினேன். என் வெட்கத்துக்கு நான் கட்டிய அபராதம் அது!

தெப்பக்குளப் படியில் ஒரு பாடம்

புதுக் கண்ணாடியோடு மறுநாள் காலை மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கப் போனேன். தினசரி போகிற இடம்தான். ஆனால் அன்றைக்குத் தரை ஏதோ கிட்டே வந்துவிட்ட மாதிரி இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் சுற்றுச்சுவர் அலையாக ஆடியது. குளத்துப் படியில் கால் வைக்கக் கீழே பார்த்தேன். கருங்கல் படியின் விளிம்பு எங்கே இருக்கிறது என்றே புரியவில்லை. ஒரு படி என்று வைத்த கால், வெறும் காற்றில் இறங்கியது. பக்கத்தில் இருந்த ஒரு தம்பி சட்டென்று கையைப் பிடித்தார். "பார்த்து வாங்க சார்!"

பார்த்துத்தான் வந்தேன். பார்த்த இடம்தான் தப்பு! படிக்கும் பவர் இருக்கும் கீழ்ப்பகுதி வழியாக, ஐந்தடி தூரத்தில் இருக்கும் படியைப் பார்த்திருக்கிறேன். அது எப்படித் தெரியும்? படி இறங்கும்போது மோவாய் நெஞ்சைத் தொடுகிற மாதிரி தலையைக் குனிந்து, கண்ணாடியின் மேல்பகுதி வழியாகப் படியைப் பார்க்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வீட்டுக்கு வந்தால் வேறு கூத்து. பேப்பரை வலமிருந்து இடம், இடமிருந்து வலம் என்று தலையைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி ஆட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்று சிரித்தாள் மனைவி. உண்மையில் அதுதான் சரியான முறை. மல்டிஃபோகலில் கண்ணை மட்டும் உருட்டினால் நெளியும் பகுதிக்குப் போய்விடும். எதைப் பார்க்க வேண்டுமோ அதை நோக்கி மூக்கைத் திருப்ப வேண்டும். மூக்கு போகும் பக்கம் பார்வை போக வேண்டும்.

கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு டி.வி. பார்த்தேன். மங்கல்! படுத்தால் கண் லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகத்தான் டி.வி.யைப் பார்க்கும். எழுந்து உட்கார்ந்ததும் தெளிந்துவிட்டது.

ஆனால் பத்து நாள் கழித்தும் ஒரு கஷ்டம் தீரவில்லை. படிக்க வேண்டுமென்றால் தாடையை ரொம்பவும் தூக்க வேண்டியிருந்தது. கழுத்து வலி எடுத்தது. "வயசாச்சு, இனிமே நமக்குப் பழகாது" என்று கண்ணாடியைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். எத்தனையோ வீடுகளில் அலமாரியில் இப்படிச் சும்மா கிடக்கும் மல்டிஃபோகல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கண் டாக்டரிடம் சொன்னபோது, அவர் என்னை நேராக உட்கார வைத்து, கண்ணாடியை மாட்டி, லென்ஸின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் என் கண் பாவை இருக்கும் இடத்தில் புள்ளி வைத்தார். இந்த லென்ஸ்களில் அளவு தெரிந்துகொள்ள, கண்ணுக்கு லேசில் தெரியாத சின்னக் குறிகள் பொறித்திருக்கிறார்கள். அதை வைத்துப் பார்த்தால், லென்ஸின் மையம் என் கண் பாவையைவிட 4 மி.மீ. கீழே இருந்தது! வாங்கிய கடையில் ஃப்ரேமை என் முகத்தில் மாட்டி அளவெடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூக்குத் தாங்கியைச் சரிசெய்து பார்த்தும் போதவில்லை. லென்ஸை மாற்றித் தரச் சொன்னேன். மாற்றிய பிறகு எண்ணி ஒரே வாரம். கண்ணாடி இருக்கிற நினைவே இல்லாமல் போய்விட்டது.

தப்பு என் வயசில் இல்லை, அளவில்!

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* கடைக்கு நேராகப் போகாதீர்கள். நாற்பது வயதுக்கு மேல் முதல் கண்ணாடி என்றால் கண் டாக்டரைப் பார்த்துக் கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். க்ளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியே இல்லாமல் பார்வையைத் திருடும்.

* ஃப்ரேமை முதலில் தேர்ந்தெடுங்கள். அதை முகத்தில் மாட்டிய பிறகுதான் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக அளவெடுக்க வேண்டும். ஸ்டைலுக்காக ஒடுங்கிய ஃப்ரேம் வாங்கினால் படிக்கும் பகுதிக்கு இடமே இருக்காது.

* காலையில் எழுந்ததும் மாட்டுங்கள், படுக்கும்போது கழற்றுங்கள். 'அரை மணி நேரம் போட்டேன், கழற்றி வைத்தேன்' என்றால் மூளை பழகாது. பழைய கண்ணாடியை மாற்றி மாற்றிப் போடவும் வேண்டாம். முதல் நாள் வீட்டுக்குள் உட்கார்ந்து பழகி, பிறகு வெளியே போங்கள்.

* நன்றாகப் பழகும் வரை ஸ்கூட்டர், பைக் ஓட்ட வேண்டாம்.

* இரண்டு வாரம் பொறுங்கள். அதன் பிறகும் தலை சுற்றல், கழுத்து வலி இருந்தால் உங்களையே நொந்துகொள்ளாமல், மறுபடி அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

* வீட்டில் வயதான அப்பா, அம்மா இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 606 முதியோரை வைத்து நடத்தி, 2010-ல் வெளியிட்ட ஆய்வில், வெளியே நிறைய நடமாடுகிறவர்களுக்கு அதற்கென்று தனியாகத் தூரப் பார்வைக் கண்ணாடி கொடுத்தபோது, அவர்கள் விழுவது குறைந்தது. வீட்டோடு இருப்பவர்களுக்கு அப்படி மாற்றிக் கொடுத்ததில் பலன் இல்லை. வெளியே போகும்போது விழுவது கூடவே செய்தது. ஆகவே டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லோருக்கும் மல்டிஃபோகல்தானா?

இல்லை! இதையும் அழுத்திச் சொல்கிறேன். தூரப் பார்வை நன்றாக இருந்து, நாள் பூராவும் ஒரே தூரத்தில் கை வேலை செய்கிறவர்களுக்குச் சாதாரணப் படிக்கும் கண்ணாடியே போதும். விலையும் கொஞ்சம், பார்வைக்கு அகலமும் அதிகம். தூரத்தையும் கிட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிற ஆசிரியர், கடை முதலாளி, என்னைப் போன்ற வைத்தியர் ஆகியோருக்குத்தான் மல்டிஃபோகல் சௌகரியம். பைஃபோகல் பழகியவர்களும் கௌரவத்துக்காக மாற வேண்டியதில்லை.

அந்தச் சாதாரணக் கண்ணாடி ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு செய்யும் தெரியுமா? அசாமில் தேயிலை பறிக்கும் 40 வயது தாண்டிய 751 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2018-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு உடனே இலவசக் கண்ணாடி. மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்களின் இலை பறிப்பு, போடாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. மருந்தில்லை, மாத்திரையில்லை, வெறும் கண்ணாடி!

உலகம் முழுக்கச் சரியான கண்ணாடி இல்லாமல் கிட்டப் பார்வைக் குறையோடு இருப்பவர்கள் 82 கோடியே 60 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கணக்குச் சொன்னது. ஆனால் நம் மதுரைக்காரர்கள் சாக்குச் சொல்ல முடியாது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி, 1976-ல் வெறும் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. அவருக்கு மூட்டுவாதத்தால் கை விரல்களே கோணிப்போயிருந்தன. அந்த விரல்களாலேயே கண் ஆபரேஷன் செய்யப் பழகிக்கொண்டார் அந்த மனிதர். நாம் ஒரு கண்ணாடிக்குப் பழகிக்கொள்ள வெட்கப்படலாமா?

என் கருத்து இதுதான். வெள்ளெழுத்தை ஒளித்து வைப்பதில் எந்தக் கௌரவமும் இல்லை. சமையலறையில் மிளகாய்ப்பொடி எது, மஞ்சள்தூள் எது என்று தேடும்போதும், மாத்திரை அட்டையில் தேதி தெரியாதபோதும், பேரக் குழந்தைக்கு மருந்தை மூடியில் அளக்கும்போதும் அது நம்மையும் நம்மைச் சேர்ந்தவர்களையும் ஆபத்தில் தள்ளுகிறது. சித்த வைத்தியர்களாகிய நாங்களும் 'இது எங்கள் மருந்தால் ஆகாது, கண்ணாடி போடு' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். முடியாததை முடியாது என்று சொல்கிறவனைத்தான், முடியும் என்று சொல்லும்போது ஜனங்கள் நம்புவார்கள்.

சரி, அந்தச் சுங்குடி அம்மாவுக்கு என்ன சொன்னேன்? கண்ணாடி இல்லாத முகத்தோடு அன்றைக்கு "பார்க்கலாம்மா" என்று மழுப்பி அனுப்பிவிட்டேன். எனக்குக் கண்ணாடி வந்த பிறகு, அவரைத் தெருவில் பார்த்து நானே கூப்பிட்டேன். என் மூக்கைக் காட்டி, "பாருங்கம்மா, நானே போட்டுட்டேன். நீங்களும் கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க. சாதாரணக் கண்ணாடியே போதும்னு சொல்வாங்க" என்றேன்.

ஒரு மாசம் கழித்து வந்தார். மூக்கில் கண்ணாடி, முகத்தில் சிரிப்பு.

"டாக்டரய்யா, நூலு நல்லாத் தெரியுது. பழையபடி வேலை ஓடுது. ஆனா கண்ணாடியில பார்த்தா எம் மூஞ்சியில இருக்கிற சுருக்கமும்ல தெரியுது! அதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா?"